சாறு ஓடும், கொழுந்து ஓடாது

நீலகிரியில் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் சரக்கு எடுத்து விற்ற தொழில்களில் மூன்று பெரியவை: சிங்கோனா, யூகலிப்டஸ் தைலம், தேயிலை. மூன்றுக்கும் மலை ஒன்றுதான், கீழே இறங்கும் பாதைகளும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் செடி வளரும் இடத்துக்கும் அதைக் காய்ச்சும் அல்லது உலர்த்தும் இடத்துக்கும் உள்ள தூரம் மூன்றிலும் மூன்று விதமாக அமைந்தது. 1860-61இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் குழுவினரின் முயற்சியால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனா, வில்லியம் மெக்கைவரின் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வேர்பிடித்தது. அதன் பட்டையை உரித்துக் காயவைத்து, மலையிறக்கி, கப்பலேற்றி லண்டன் ஏலத்துக்கே அனுப்பினார்கள். நடுவட்டத்தில் குயினைன் ஆலை எழுந்த பிறகும், பட்டை ஊர்விட்டு ஊர் போவதற்கு இயற்கை எந்தத் தடையும் போடவில்லை. 1843 வாக்கில் உதகையில் நடப்பட்டு, பிறகு விறகுக்காக மலையெங்கும் பரப்பப்பட்ட நீல யூகலிப்டஸின் கதை இதற்கு நேரெதிர். அதன் தைலத்தைக் காய்ச்சுகிறவர்கள் ஓடைக்கரையில் கொட்டகை போட்டார்கள். இலை தீர்ந்தால் கொப்பரையைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போனார்கள். அங்கே இலை ஆலையைத் தேடிப் போகவில்லை, ஆலைதான் இலையைத் தேடிப் போனது. தேயிலை இந்த இரண்டுக்கும் நடுவே நின்றது. ஆலை ஓரிடத்தில் நிலையாக இருக்கும், ஆனால் தோட்டத்துக்கு நடுவிலோ பக்கத்திலோ இருக்கும். இந்த மூன்று தூரங்களையும் நிர்ணயித்தது எது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. விடை வரலாற்று ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. இன்று நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிக்குக் கிடைக்கும் விலையிலும் அது இருக்கிறது.

முதலில் தோன்றும் விடை எடை. ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர் 1909இல் வெளியிட்ட தொழிலிடக் கோட்பாடு இதையே சொல்கிறது. மூலப்பொருளின் எடையில் பெரும்பகுதி கழிவாகப் போகிறதென்றால் ஆலை மூலப்பொருளின் பக்கத்தில் அமையும். கழிவைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற யாரும் விரும்பமாட்டார்கள். தைலத்துக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. நூறு கிலோ இலையில் ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். மிச்சம் 99 கிலோவை லாரியில் ஏற்றுவது வீண். அதோடு காய்ச்சத் தேவையான மற்ற இரண்டு பொருள்களும் இலை கிடக்கும் இடத்திலேயே கிடைத்தன. எண்ணெய் எடுத்துக் காய்ந்த சக்கை அடுப்புக்கு விறகாயிற்று, ஓடைத்தண்ணீர் ஆவியைக் குளிர்வித்தது. தைலத்தின் முக்கியக் கூறான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும் என்றாலும், நீராவியோடு சேர்ந்து அது நூறு டிகிரிக்கும் கீழேயே வெளியேறிவிடும். உதகையின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை எட்டுமுன்பே கொதிக்கத் தொடங்குவதால் எளிய கொப்பரையும் விறகடுப்பும் போதும். கனமான இயந்திரம் எதையும் இழுத்துப் போகவேண்டியதில்லை. இதுவரை எடைக் கோட்பாடு நன்றாகவே நடக்கிறது. சிங்கோனாவிடம் வரும்போது அது தடுக்கி விழுகிறது. உலர்ந்த பட்டையில் மருந்துச்சத்து நூற்றுக்குச் சில பங்குதான், மிச்சமெல்லாம் கழிவு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு வேண்டியதோ நாலரைக் கிலோ பச்சை இலை மட்டுமே. கழிவை வைத்துப் பார்த்தால் தேயிலையைவிடச் சிங்கோனாதான் மலையை விட்டு நகராமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது தலைகீழ். இருபதில் ஒரு பங்கு மட்டுமே பயன்படும் பட்டை கடல் தாண்டிப் போயிற்று. நாலரையில் ஒரு பங்கு பயன்படும் இலை மலையடிவாரத்துக்குக்கூட இறங்கவில்லை. ஆகவே எடையைத் தவிர வேறொன்று இங்கே வேலை செய்கிறது. அது நேரம். காய்ந்த பட்டை மாதக்கணக்கில் கெடாது. பறித்த கொழுந்துக்கு மணிக்கணக்கில்தான் ஆயுள்.

இதைத் தெளிவாகக் காட்டும் ஒரு தொழில் உலகின் மறுபக்கத்தில், கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மான்டிலும் இருக்கிறது. அங்கே குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களில், சர்க்கரை மேப்பிள் மரத்தில் துளையிட்டால் தெளிந்த நீர் போன்ற சாறு வடியும். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். நாற்பது லிட்டர் சாறைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. நம்முடைய பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதைக்கூட உடன்குடி வட்டாரத்தில் பனங்காட்டுக்குள்ளேயே விடிலி எனும் குடிசை போட்டுக் கருப்பட்டியாகக் காய்ச்சினார்கள். எடைக் கணக்குப்படி மேப்பிள் சாறு மரத்தடியை விட்டு ஓரடிகூட நகரக் கூடாது. ஆதியில் அப்படித்தான் இருந்தது, காட்டுக்குள்ளேயே இரும்புக் கொப்பரை வைத்துக் காய்ச்சினார்கள். பின்னர் காய்ச்சுக்கூடம் வந்தது, வாளியில் சேர்த்த சாறைக் குதிரை இழுக்கும் சறுக்குவண்டியில் கொண்டுபோனார்கள். 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் குழாய் வந்ததும் எல்லாம் மாறிற்று. மரத்துக்கு மரம் மெல்லிய குழாய் கட்டி, அவற்றைப் பருத்த குழாயில் சேர்த்து, சரிவிலே இறக்கி, பள்ளத்தில் ஒரு தொட்டியில் தேக்கி, அங்கிருந்து பம்பு வைத்து அடுத்த மேட்டைத் தாண்டிக் காய்ச்சுக்கூடத்துக்குத் தள்ளுகிறார்கள். சாறில் நூற்றுக்கு 97க்கு மேல் வெறும் தண்ணீர் என்பது மாறவில்லை. மாறியது, அது வந்துசேர எடுக்கும் நேரம். மேப்பிள் சாறும் கெடுகிற பொருள்தான்; வெயில் ஏறினால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிதைத்துப் பாகைக் கறுக்க வைத்துவிடும். அன்றைய சாறை அன்றே காய்ச்சுவது அங்கே பழைய விதி. குழாய் அந்த விதியை மீறாமலே தூரத்தைக் கூட்டியது.

தள்ளுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் இன்னொரு விஷயம் விளங்கும். நாற்பது லிட்டர் சாறை ஐம்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, குழாயின் உராய்வை விட்டுவிட்டால், 20 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் போதும். அதே சாறிலிருந்து 39 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 88,000 கிலோஜூல் வேண்டும். நாலாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். பம்பு மோசமானதாக இருந்து, கொடுத்த ஆற்றலில் கால்பங்கை மட்டுமே வேலையாக மாற்றினாலும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் மிஞ்சும். தேயிலையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தூளுக்கான நாலரைக் கிலோ இலையை 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 22 கிலோஜூல். வாட்டலின்போது காற்று எடுத்துக்கொண்டது போக, தீயால் விரட்டவேண்டிய இரண்டு கிலோ தண்ணீருக்கு 4,500 கிலோஜூல். லாரியில் போகும் இலை அதைவிட அதிகம் செலவு வைக்கும் என்பது உண்மை. ஒரு டன் இலையைக் கொண்டுவர வண்டி போகவர ஐந்து லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளின் பங்குக்கு 800 கிலோஜூல் வரும். அதுவும் உலர்த்தும் செலவில் ஐந்திலொரு பங்கைத் தொடவில்லை. பாய்லரின் இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் சிறுத்துப்போகும். ஆற்றல் கணக்கில் தூரம் சின்னச் செலவு. அப்படியானால் தூரத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். ஜூலிலும் டீசலிலும் தெரியாத ஒரு செலவு அதில் ஒளிந்திருக்கிறது என்பதால்தான்.

அதற்கு முன், கொழுந்தையும் சாறைப் போலக் குழாயில் விடமுடியாதா என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். இது விளையாட்டுக் கேள்வியன்று. குழாயில் நீரை ஆள்வதில் இந்த மலைக்கு நீண்ட பழக்கம் உண்டு. பைக்காராவில் 1932 முதல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து இரும்புக் குழாயில் நீர் இறங்கி மின்சாரம் தருகிறது. குழாயின் அடியில் வளிமண்டலத்தைப்போல் 90 மடங்கு அழுத்தம். நீரைத் தள்ளுவதற்கு உயரம் பெரிய தடையில்லை, பம்பும் குழாயும் தாங்கினால் போதும். உறிஞ்சுவதற்குத்தான் மலை ஒத்துழைக்காது. கடல்மட்டத்தில் ஓர் உறிஞ்சு பம்பு கோட்பாட்டளவில் 10.3 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை இழுக்கும், ஏனென்றால் உண்மையில் நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் எடை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் முக்கால் பங்குதான். அங்கே எட்டு மீட்டருக்கு மேல் எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது, நடைமுறையில் அதற்கும் வெகு குறைவு. சாறு தொழிலில் பள்ளத்தில் தொட்டி வைத்து அங்கிருந்து தள்ளுவதன் காரணமும் இந்த வகைதான். குழாயின் விட்டத்திலும் கவனம் வேண்டும். அதே அளவு நீர் அதே நேரத்தில் பாதி விட்டமுள்ள குழாயில் போகவேண்டுமென்றால் உராய்வு ஏறத்தாழ 32 மடங்காகும். இவையெல்லாம் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். தேயிலையில் தீர்க்கமுடியாதது வேறு. இலையை நீரோடு கலந்து ஓடவிட்டால் அது நனையும், உரசும், கசங்கும். நனைந்த இலையை வாட்ட மேலும் காற்றும் விறகும் வேண்டும்; மழைநாளில் பறித்த இலையே ஆலைக்குத் தலைவலி. கசங்கிய இலையோ ஆலை வாசலை எட்டுமுன்பே பாதித் தேநீர் ஆகிவிடும். ஆகவே கொழுந்தைச் சுமந்துசெல்லக் காற்றுதான் தகுந்தது. இலங்கையின் மலைத்தோட்டங்களில் சரிவுக்குச் சரிவு கம்பி கட்டி இலை மூட்டைகளை ஆலைக்கு இறக்கியவர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். கம்பியில் தொங்கி வரும் மூட்டையைச் சுற்றிக் காற்று ஓடுகிறது, மேல் மூட்டையின் எடை கீழ் மூட்டையை நசுக்குவதில்லை, வளைந்து வளைந்து ஐந்து மைல் போகவேண்டிய வழி ஒரே நேர்கோடாகச் சுருங்குகிறது.

இப்போது சாக்குக்குள் நடப்பதைப் பார்ப்போம். பறித்த கொழுந்து உயிரற்ற பொருளன்று. செடியிலிருந்து பிரிந்த பின்னும் அதன் ஒவ்வொரு செல்லும் மூச்சுவிடுகிறது. சேமிப்பிலுள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. செடியில் இருந்தபோது இந்த வெப்பம் காற்றில் கலந்து போயிற்று, வேரிலிருந்து ஏறிய நீர் ஆவியாகி இலையைக் குளிர்வித்தது. சாக்கில் அடைபட்டதும் இரண்டும் நின்றுபோகின்றன. இங்கே வடிவக்கணக்கு கொடுமையாக வேலை செய்கிறது. வெப்பம் பிறப்பது குவியலின் பருமனில். அது வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் வெப்பம் எட்டு மடங்காகும், வெளியேறும் வழி நான்கு மடங்குதான் ஆகும். ஈரமான வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே கை வைக்கமுடியாதபடி சூடேறுவது இதனால்தான். சூடேறினால் மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. கூடிய மூச்சு மேலும் சூட்டைத் தருகிறது. இந்தச் சுழலுக்குத் தானாக நிற்கும் இடம் கிடையாது, குவியலைக் கலைத்தால்தான் நிற்கும். இலையின் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் கேடு தொடங்கிவிடுகிறது. தேயிலை இலைக்குள் கேட்டச்சின்கள் எனும் துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றைச் சிவக்கச்செய்யும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் எனும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆலையில் உருட்டும்போதோ, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தில் அரைக்கும்போதோ நாம் செய்வது இந்தச் சுவர்களை உடைத்து, இரண்டையும் நாம் விரும்பும் நேரத்தில், விரும்பும் வெப்பநிலையில், ஒரே சீராகக் கலக்கவிடுவதுதான். சூட்டில் வெந்த சாக்கிலும், மேலே ஆள் ஏறி மிதித்த சாக்கிலும் சுவர்கள் அங்கங்கே தாமாகவே உடைகின்றன. இலை விளிம்பிலும் காம்பிலும் செம்பு நிறம் படர்கிறது. அந்த இலை ஆலைக்குள் நுழையும்போது அதன் நொதித்தலில் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்து, முடிந்து, கெட்டும் போயிருக்கிறது. மிச்ச இலையோடு சேர்த்து எவ்வளவு திறமையாகப் பக்குவம் செய்தாலும் அந்தத் தூளில் பிரகாசமான சாயமும் சுறுசுறுப்பான சுவையும் திரும்பி வாரா. எந்த இயந்திரமும் இதைச் சரிசெய்ய முடியாது என்பதை இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் மனதில் கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். பறித்த கணத்திலிருந்தே வாட்டல் தொடங்கிவிடுகிறது, ஆலைக்கு வந்தபின் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் இலையைத் தொட்டியில் பரப்பிக் காற்று விடத்தான் போகிறார்கள், வழியில் கழியும் நான்கைந்து மணி நேரம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுமே என்பது அது. பாதி உண்மை இதில் இருக்கிறது. வாட்டல் என்பது இரண்டு மாற்றங்கள். இலையின் ஈரம் 78 சதவீதம் அளவிலிருந்து 70 அல்லது அதற்கும் கீழே இறங்குவது ஒன்று. புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்களாவது, மணம் தரும் பொருள்கள் உருவாவது போன்ற வேதிமாற்றங்கள் மற்றொன்று. இரண்டாவது, காலம் ஓடினால் தானே நடக்கும், சாக்கிலும் நடக்கும். முதலாவதற்குக் காற்றோட்டம் வேண்டும், சாக்கில் அது கிடையாது. ஆகவே சாக்கில் வரும் இலை வேதியியலில் வயதேறியும் ஈரத்தில் பச்சையாகவும் வந்துசேர்கிறது. சாக்கின் நடுவில் ஒரு வயது, ஓரத்தில் வேறொரு வயது. தொட்டியில் இரண்டும் கலந்து கிடக்கும்போது எதற்கு ஏற்றபடி காற்று விடுவது? மெல்லிய படலமாகப் பரப்பி வைத்திருந்தால் அதே நான்கு மணி நேரம் உண்மையிலேயே வாட்டலாகியிருக்கும். நேரம் தன்னளவில் எதிரி இல்லை. காற்றில்லாத நேரம்தான் இலையைக் கெடுக்கிறது.

தேயிலைத் தொழில் தன்னையறியாமல் நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த விதியைப் பின்பற்றிவந்திருக்கிறது. நீலகிரியில் தியாஷோலா தேயிலைத் தோட்டம் தொடங்கிய 1859க்குப் பிறகு எத்தனையோ பாதைகள் வந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் அங்கிருந்து உதகைக்கு 1908இலும் மலை ரயில் வந்தது. சமவெளியில் நிலம் தாராளம், மின்சாரம் உண்டு, ஆள் கிடைப்பார்கள். ஆனாலும் பச்சை இலையை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி அரைப்பது தொழிலின் வழக்கமாகவில்லை. குன்னூரில் நடுப்பகல் 20 டிகிரியில் இருக்கும்போது அடிவாரம் 35ஐத் தொட்டுக்கொண்டிருக்கும்; பர்லியாறைத் தாண்டி இறங்க இறங்க இலைக்குச் சூடு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஏறும். தூளான பிறகோ எந்தக் கவலையும் இல்லை. ஈரம் மூன்று சதவீதத்துக்கு இறங்கிய தூள் கோயம்புத்தூர் கிடங்கிலும் கொச்சித் துறைமுகத்திலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். 1963இல் தொடங்கிய குன்னூர் ஏலம் நடப்பது தூளுக்குத்தான். மூணாறு மலையிலும் இதையே காண்கிறோம். அங்கே டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கம் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறங்கியவை தேயிலைப் பெட்டிகள். மலையைத் தாண்டும் நீண்ட பயணம் முடிந்த சரக்குக்கு உரியது. பச்சை இலைக்கு உரியது பக்கத்து ஆலை.

பழைய பெருந்தோட்டத்தில் இந்த விதி தானாகவே காக்கப்பட்டது. தோட்டமும் ஆலையும் ஒரே கம்பெனியுடையவை. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை எடைபோட்டு, உடனுக்குடன் இலையை ஏற்றி அனுப்பினார்கள். இப்போதைய நீலகிரி அப்படி இல்லை. ஹட்டிகள் எனப்படும் மலைக்கிராமங்களைச் சுற்றி அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாகப் பல்லாயிரம் சிறு விவசாயிகள் தேயிலை வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்காக 1962இல் குந்தாவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுறவு ஆலைகள் வந்தன. 1965இல் தோன்றிய இன்ட்கோசர்வ் இன்று பதினாறு ஆலைகளின் தலைமைச் சங்கம். மற்றவர்கள் இலையை ஏஜென்ட் மூலம் தனியார் ஆலைக்கு விற்கிறார்கள். சாலைகள் நன்றாகிவிட்டன, பிக்கப் வண்டி அரைமணியில் போய்விடும், இன்னும் என்ன தூரம் என்று கேட்பவர்கள் வண்டி ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். இலையின் கடிகாரம் பறித்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. காலை எட்டு மணிக்குப் பறித்தது தோட்டத்து ஓரத்தில் சாக்கில் கிடக்கிறது. மதியம் மேட்டுக்குத் தலைச்சுமையாக ஏறுகிறது. சாலையோரம் வண்டிக்குக் காத்திருக்கிறது. வண்டி நாலைந்து ஊர் சுற்றிச் சாக்குமேல் சாக்காக அடுக்கிக்கொள்கிறது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறது. வரத்து மிகுந்த பருவத்தில் ஆலைகள் கோட்டா போடும்போது அந்த வரிசை நீள்கிறது. இதில் சக்கரம் சுழலும் நேரம் சிறு பகுதி. சாலையைப் பாதியாகச் சுருக்கினாலும் மொத்த நேரம் கொஞ்சம்தான் குறையும்.

கெட்ட தூளுக்குக் காரணம் போக்குவரத்தல்ல, பறிப்புதான் என்பது அடுத்த மறுப்பு. ஆலை நடத்துகிறவர்கள் இதை வலுவாகச் சொல்வார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்பதை விட்டுவிட்டுக் கத்தரியாலும் இயந்திரத்தாலும் முற்றல் இலையையும் காம்பையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தால் எந்தப் போக்குவரத்தும் காப்பாற்றாது என்பது சரியே. ஆனால் இரண்டு காரணங்களும் தனித்தனியாக நிற்கவில்லை. இளங்கொழுந்து முற்றல் இலையைவிட வேகமாக மூச்சுவிடுகிறது, எளிதில் கசங்குகிறது. எனவே சூடேறிய சாக்கில் அதிகம் இழப்பது நல்ல இலைதான். ஒரு விவசாயி சிரத்தையோடு கொழுந்து பறித்து, அது பத்துப் பேருடைய முற்றல் இலையோடு ஒரே வண்டியில் அடைபட்டு ஐந்து மணி நேரம் கழித்து ஆலையை அடைந்தால், அவருடைய உழைப்பின் பலன் வழியிலேயே அழிந்துவிடுகிறது. தராசில் எடை மட்டும் மிஞ்சுகிறது. எடைக்குத்தான் காசு என்றால் எடையைக் கூட்டும் பறிப்பையே அடுத்தமுறை செய்வார். அதை அவர் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல பறிப்புக்குப் பயிற்சி முகாம்கள் நடத்துவதோடு, அந்த நல்ல இலை நல்லதாகவே ஆலைக்குப் போய்ச்சேர வழிசெய்தால்தான் பயிற்சிக்கு அர்த்தம் உண்டு.

அப்படியானால் ஊருக்கு ஓர் ஆலை கட்டிவிடலாமா? இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மையான கனம் இருக்கிறது. சி.டி.சி. உருளைகளுக்கும் உலர்த்திக்கும் பெருமுதல் வேண்டும்; சிறிய பாய்லர் பெரியதைவிட ஒரு கிலோவுக்கு அதிக விறகு தின்னும்; இலை குறையும் மாதங்களில் சிறு ஆலை சும்மா கிடக்கும். ஆலையைத் தைலக் கொப்பரையைப் போலத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ஆனால் ஆலை என்பது பிரிக்கமுடியாத ஒரே பொருள் என்று எண்ணுவதில்தான் பிழை. மேப்பிள் தொழிலைத் திரும்பப் பார்த்தால், அவர்கள் 1970கள் முதல் காய்ச்சும் வேலையையே இரண்டாக உடைத்துவிட்டார்கள். தலைகீழ் சவ்வூடுபரவல் முறையில் சாறைச் சவ்வு வழியே அழுத்தி, 2 சதவீதச் சர்க்கரையை 8 சதவீதமாக்கினால் தண்ணீரில் நாலில் மூன்று பங்கு தீயே இல்லாமல் போய்விடுகிறது, மிச்சத்துக்குத்தான் அடுப்பு. தேயிலையில் தீயில்லாமல் நீர் எடுக்கும் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதுவே வாட்டல். அதன் தொடக்கத்தையாவது ஆலையிலிருந்து பிரித்துப் பசுந்தேயிலை கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவரலாம். கூரை, கம்பிவலை விரித்த தட்டுகள், கீழிருந்து காற்று தள்ளும் விசிறி. உருளையும் வேண்டாம், பாய்லரும் வேண்டாம். ஆயிரம் கிலோ இலையின் ஈரம் 78இலிருந்து 68 சதவீதத்துக்கு இறங்கினால் எடை 690 கிலோவுக்கு வந்துவிடும், வண்டிச்சுமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. அவ்வளவு தூரம் வாட்டாவிட்டாலும் பரவாயில்லை. முக்கியமான லாபம் இலை குளிர்ந்து கிடப்பது.

மழைக்காலத்தில் இது நடக்காது என்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் காற்றே ஈரத்தில் தோய்ந்திருக்கும். வெந்நீராவியோ சூடான காற்றோ இல்லாமல் இலையை உலர்த்த முடியாது. உண்மை. அந்த நாள்களில் கொள்முதல் நிலையத்து விசிறி ஈரத்தை அவ்வளவாக எடுக்காது. ஆனால் சூட்டை எடுக்கும். பதினைந்து டிகிரி ஈரக்காற்றுக்கு இலைக்குவியலின் வெப்பத்தை வாரிக்கொண்டு போவதில் தடையேதும் இல்லை. மலைக்குளிர் இலவசமாகத் தரும் உதவி அது. வாட்டிய இலை துவண்டிருப்பதால் பச்சை இலையைப்போல் மடமடவென்று ஒடியாது. என்றாலும் அதையும் நசுக்காமல், காலம் கடத்தாமல் கொண்டுபோக வேண்டும். சிறு விவசாயிகளை நம்பியே வளர்ந்த கென்யத் தேயிலைத் தொழிலில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் லாரிக்குள் கொக்கிகளில் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறார்கள். கம்பியில் தொங்கிய பழைய இலங்கை மூட்டையின் தத்துவம் லாரிக்குள் ஏறிக்கொண்டது என்று சொல்லலாம். நீலகிரியின் வளைவுப் பாதைகளுக்கும் சிறு வண்டிகளுக்கும் அது பொருந்தாததற்கு இயற்பியலில் எந்தக் காரணமும் இல்லை.

மிச்சமிருப்பது பணம். தட்டுக்கும் விசிறிக்கும் கொக்கிக்கும் யார் செலவழிப்பார்கள், எதற்காகச் செலவழிக்க வேண்டும்? இலைக்கு விலை போடும்போது எடையை மட்டும் பார்க்கும்வரை இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. வாட்டிய இலையின் எடை குறையும், எடைக்கே விலை என்றால் வாட்டியவர் நஷ்டப்படுவார். எனவே எடைபோடுவது பரப்புவதற்கு முன்பு, கொள்முதல் நிலையத்தில், விவசாயியின் கண்முன்னே நடக்க வேண்டும். அங்கே அவருடைய கணக்கு முடிந்துவிடும். அதன்பின் குறைவது தண்ணீர், யாருடைய பணமும் அன்று. ஆலைக்கு நுழையும் இடத்தில் இரண்டு எண்களைக் குறித்தால் போதும்: சாக்கின் நடுவே செருகிய வெப்பமானி காட்டும் அளவு, மூட்டையோடு வரும் சீட்டில் எழுதிய பறித்த நேரம். இரண்டையும் அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, சுவைப்பாளர் தேவையில்லை. 25 டிகிரியில் வந்த இலைக்கும் 38 டிகிரியில் வந்த இலைக்கும் வெவ்வேறு விலை என்று ஒரு கூட்டுறவு ஆலை ஒரு பருவம் நடத்திப் பார்க்கட்டும். ஏஜென்ட் தன் வண்டியில் சாக்குகளுக்கு இடையே இடைவெளி விடத் தொடங்குவாரா, விசிறிக்கான செலவை ஏல விலை ஈடுகட்டுமா என்பது அந்தப் பருவத்துக் கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்துவிடும்.